கிணறு இல்லாத செவலில் இலந்தையும் சீத்தாவும்

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே எங்களுக்கு இருக்கும் நிலத்தில் கிணறும் கிடையாது, போரும் கிடையாது. பக்கத்தில் போர் போட்டவர்களுக்கு உப்புத்தண்ணீர்தான் வந்தது என்பதால் அந்தச் செலவை நினைத்தே பார்க்கவில்லை. மேல்புறம் செவல் என்கிற செம்மண், கீழே ஓடையை ஒட்டிக் கொஞ்சம் கரிசல். ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். கேட்பதற்கு நல்ல அளவுதான். ஆனால் அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையில் சில அடைமழைகளாகக் கொட்டி ஓடைக்குப் போய்விடும். தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். இங்கே பழமரம் வைப்பதென்றால், அந்த இரண்டு மாதத் தண்ணீரை மீதி மாதங்களுக்கு மண்ணுக்குள் பிடித்து வைக்க வேண்டும். அதற்காகச் செய்த வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். மரம் வளர்த்த கதை இதில் பாதிகூட வராது.

"கெணறும் இல்ல, போரும் இல்ல, பழத்தோட்டமாப்பா?" என்று பெரியப்பா கேட்டார். "ஓடைக்கரையில நிக்கிற இலந்தைக்கு யாரு பெரியப்பா தண்ணி ஊத்துனா?" என்றேன். "அது தானா மொளைச்சது" என்றார். பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் விஷயமே அதில்தான் இருந்தது.

முதலில் எந்த மரம் என்ற கேள்வி. வறட்சி தாங்கும் மரம் என்று பொதுவாகச் சொல்வதை நான் அதிகம் நம்புவதில்லை. மரம் சாகாமல் நிற்பது வேறு, பழம் கொடுப்பது வேறு. மாமரமும் எங்கள் பக்கம் சாகாமல் நிற்கும். ஆனால் அதன் காய் பெருக்கும் காலம் பங்குனி, சித்திரை. மண்ணில் ஈரமே இல்லாத நேரம். இலந்தை அப்படியில்லை. ஆவணி, புரட்டாசியில் பூக்கும், அடைமழையில் காய் பெருக்கும், தை, மாசியில் பழுத்து முடியும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். தண்ணீர் இருக்கும்போது செலவு, இல்லாதபோது கடையைச் சாத்திவிடும். ராஜஸ்தானில் ஜோத்பூர் போன்ற இடத்தில், எங்கள் மழையில் பாதிகூடப் பெய்யாத ஊரில், இலந்தை பெரிய பழப்பயிராக இருப்பது இந்தக் குணத்தால்தான். அங்கே 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் இந்த மரத்தில் நிறைய வேலை செய்திருக்கிறது.

சீத்தாவும் கோடையில் இலையுதிர்க்கும். ஆனால் அதற்குக் கோடைமழை ஒன்றிரண்டு கிடைத்தால்தான் துளிர்த்துப் பூக்கும். பழம் ஆவணியிலிருந்து ஐப்பசிக்குள் வரும். கோடைமழை பொய்த்த ஆண்டில் சீத்தா மெலிந்த காய்தான் தரும். அதனால் செவலில் சரிபாதிக்கு மேல் இலந்தை, அடுத்து சீத்தா, கொஞ்சம் நெல்லி என்று பிரித்தேன். வேலியோரம் கொடுக்காப்புளி. விளாவும் நாவலும் ஆளுக்கு இரண்டு, ஆசைக்காக.

மழைத்தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். இலந்தைக்கு 8 மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு மரத்தின் பங்கு 64 சதுர மீட்டர். தூரைச் சுற்றியுள்ள பாத்தி போக 50 சதுர மீட்டர் சரிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் மழைக்கு அதில் விழுவது 1,000 லிட்டர். கால்வாசி ஓடி வந்தாலே பாத்திக்கு 250 லிட்டர். இப்படிப் பத்து மழை கிடைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் மண் எவ்வளவு பிடிக்கும் என்பது இன்னொரு கணக்கு. மணல் கலந்த செவல், ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோராயமாக 100 மில்லிமீட்டர் அளவு ஈரத்தை வேர் எடுக்கும்படி வைத்துக்கொள்ளும். 15 சதுர மீட்டர் பரப்பில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு வேர் போனால் இருப்பு 2,250 லிட்டர். அதற்கு மேல் வரும் தண்ணீர் கீழே இறங்கிப் போகும், அல்லது வரப்பை உடைக்கும். ஆகவே தண்ணீரை வரவழைப்பது பாதி வேலை. இருப்பைப் பெரிதாக்க மண்ணை மாற்ற வேண்டும், வேரைக் கீழே அனுப்ப வேண்டும்.

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அவ்தாத் என்ற இடத்தில் 1950களின் இறுதியில் மைக்கேல் எவனாரி என்ற தாவரவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் நபத்தேயர் என்ற பண்டைய மக்களின் காலத்துப் பண்ணை ஒன்றைச் சீரமைத்து, ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையில் பாதாமும் பிஸ்தாவும் வளர்த்துக் காட்டினார்கள். அங்கே சராசரியாக 20 பங்கு மலைச்சரிவின் தண்ணீர் 1 பங்கு வயலுக்கு வரும். நமக்கு 3 அல்லது 4 பங்கே தாராளம். இதை எழுதுவது அவர்களைப் போலச் செய்தேன் என்று சொல்ல இல்லை. 800 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லை என்று புலம்புவது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியதால்தான்.

குழி வேலையைக் கத்திரி வெயிலில் செய்தோம். ஆள் வைத்து ஆரம்பித்தோம், ஆனால் மூன்றடிக்குக் கீழே சுக்கான் என்கிற சுண்ணாம்புக்கல் அடுக்கு தட்டியது. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கிறது. ஜேசிபி கொண்டுவந்துதான் முடிந்தது. இலந்தைக்கு ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம். சுக்கான் தட்டிய குழிகளில் நடுவில் மட்டும் இன்னும் ஓரடி உடைக்கச் சொன்னேன். அந்த ஓட்டை இல்லாவிட்டால் மழைக்காலத்தில் குழி தொட்டியாகிவிடும், கோடையில் வேர் கீழே போக வழியிருக்காது. சீத்தாவுக்கு 60 சென்டிமீட்டர் குழி போதும் என்பார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

குழியை ஆடி வரைக்கும் திறந்தே போட்டோம். வெயில் பட்டு கரையான் கூடுகள் காய்ந்தன. ஆடியில் மூடும்போது மேல்மண், கம்மாய் வண்டல், மக்கிய ஆட்டுப்புழுக்கை, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. வண்டல் எடுக்க வருவாய்த்துறையில் அனுமதி உண்டு, மண்ணுக்கு விலை கிடையாது, டிராக்டர் வாடகைதான் செலவு. செவலில் வண்டல் கலந்தால் என்ன வித்தியாசம் என்பதை மழை நின்ற பிறகு கையால் தோண்டிப் பார்த்தாலே தெரியும். மேல் ஒரு சாண் காய்ந்திருக்கும், அதற்குக் கீழே பிடித்தால் உருண்டை நிற்கும். வண்டல் போடாத பக்கத்து மண் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். எருவுக்குத் தனியாகச் செலவில்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு ஓட்டி வரும் கீதாரி ஒருவரிடம் சொல்லி, ஆடுகளை நிலத்திலேயே அடைத்துச் சில இரவு கிடை போட்டோம். அவருக்கு நெல்லும் கொஞ்சம் பணமும். செம்மறி ஆடுகள் படுத்து எழுந்த இடம் அடுத்த மழைக்குத் தனியாகத் தெரியும்.

அடுத்தது பிறை வரப்பு. சரிவு எந்தப் பக்கம் என்று கண்ணால் முடிவு செய்யாமல் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் லெவலை வாங்கி வந்து பார்த்தேன். பள்ளப்பக்கம் அரைவட்டமாக ஒன்றரை அடி உயர வரப்பு, இரண்டு கொம்புகளும் மேட்டைப் பார்த்து. உள்பாத்தி மரத்தை நோக்கிச் சரிகிறது. 100 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம். ஒவ்வொரு வரப்பிலும் ஒரு கொம்பின் ஓரத்தில் கல் பதித்து, கம்மாய்க்குக் கலுங்கு வைப்பது போல ஒரு வழி விட்டோம். அடைமழையில் வரப்பு நிற்பது அந்தக் கல்லால்தான். கலுங்கிலிருந்து வழிவது அடுத்த வரிசை மரத்துக்குப் போகும்படி வரிசைகளை மாற்றி மாற்றி அமைத்தோம்.

இலந்தையைப் பாத்தியின் ஆழமான இடத்திலேயே வைக்கலாம், இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. சீத்தாவுக்கு அது ஆகவே ஆகாது. வேர் அழுகும். அதைப் பாத்தியின் தோள்பட்டையில், தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து ஓரடி மேலே வைத்தேன். வேர் தானாகப் பள்ளத்தைத் தேடிப் போகட்டும் என்று.

இங்கே பெரியப்பாவுக்கும் எனக்கும் ஒரு சண்டை உண்டு, இன்னும் தீரவில்லை. மரங்களுக்கு நடுவே இருக்கும் நிலத்தை நான் உழுவதில்லை. செவல் மண் மழை அடித்தால் மேலே பொருக்குக் கட்டும், அந்தப் பொருக்கின் மேல்தான் தண்ணீர் ஓடிவரும். உழுதால் விழுந்த இடத்திலேயே குடித்துவிடும், மரத்துக்கு வராது. அவருக்கோ கோடை உழவு போடாத நிலம் பார்க்கவே கூசுகிறது. "நாலு பேரு என்னடா சொல்லுவான்" என்கிறார். கீழே கரிசலில் அவர் சொல்வதுதான் சரி. அங்கே சரிவே இல்லை, தண்ணீர் ஓடவும் செய்யாது. உழுது உளுந்தும் தட்டாம்பயறும் போடுகிறோம். செவலில் என் பிடிவாதம், கரிசலில் அவர் பிடிவாதம்.

இனி விதை. நர்சரியில் கவரில் வளர்த்த ஒட்டுக்கன்றை வாங்கி வைப்பதுதான் எல்லோரும் செய்வது. சொட்டுநீர் இருந்தால் அதில் குறையில்லை. மானாவாரிக்கு அது சரிவராது என்பது என் முடிவு. கவரில் நாளாகிவிட்ட கன்றை உதறிப் பாருங்கள், ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டிருக்கும். அதை நட்டால் பக்கவேர்தான் ஓடும், மேல் இரண்டடியில் ஈரம் போனதும் வாடும். குழியிலேயே கொட்டையைப் போட்டால் முளை மேலே தலைகாட்டும்போதே ஆணிவேர் கீழே நல்ல தூரம் போயிருக்கும். ஒரே குழியில் கூடுதலாக முளைத்த இலந்தை நாற்று ஒன்றை ஆழமாகத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு சாண் உயரம், கீழே மண்வெட்டி இலையைத் தாண்டி வேர் போய்க்கொண்டே இருந்தது. பெரியப்பா சொன்ன "தானா மொளைச்சது" இதுதான்.

நல்ல ரகத்தைப் பிறகு ஒட்டுவதற்கான அடிச்செடிதான் வேர்ச்செடி. அதற்கு ஓடைக்கரைக் காட்டு இலந்தைக் கொட்டை. சதையைக் கழுவி, உப்புக்கரைசலில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட வேண்டும். 100 பங்கு கரைசலில் 17, 18 பங்கு உப்பு. நல்ல கெட்டிக் கரைசல். மூழ்கியதை எடுத்து உப்புப் போகக் கழுவி, கல்லில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஓட்டை உடைத்தேன். முழுக் கொட்டை முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும். உள்பருப்பு ஒரு வாரம் பத்து நாளில் வந்துவிடும். தட்டும்போது பருப்பு நசுங்காமல் இருக்கப் பழக வேண்டும், கையில் அடிபடாமல் இருக்கவும். புரட்டாசி கடைசியில் முதல் நல்ல மழை இறங்கியதும் குழிக்கு நான்கைந்து பருப்பு ஊன்றினோம். சீத்தா விதையை ஒரு நாள் ஊறவைத்து ஊன்றினோம். அது பொறுமையைச் சோதிக்கும், ஒரு மாதத்துக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும்.

முளைத்த பிறகு எதிரி வெயில் இல்லை, மயில். எங்கள் பக்கம் மயில் பெருகிவிட்டது, ஈரமண் கண்டால் கிளறும். ஒவ்வொரு குழியின் மேலும் சீமைக்கருவேல முள்ளைக் கூடாரம் போலச் சாய்த்து வைத்தோம். அதுவே ஆட்டுக்கும் தடுப்பு, கொஞ்சம் நிழலும். சுற்றுவேலியும் அதே முள்தான். அந்த மரத்தால் கிடைத்த ஒரே நன்மை.

மழை முடிந்து மார்கழியில் செய்யும் வேலை எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். பாத்திக்குள் மட்டும் களைக்கொத்தியால் இரண்டு அங்குலம் மேலாகக் கொத்தி, மண்ணைப் புழுதியாக்கி விடுவது. கீழிருந்து ஈரம் மேலே ஏறிவரும் வழி அறுந்துவிடும். கரிசலில் இது இன்னும் அவசியம், வெடிப்பு விழுந்தால் அதன் வழியே ஆழத்து ஈரமும் போய்விடும். புழுதிக்கு மேல் மூடாக்கு: கடலைத் தோல், கம்பந்தட்டை, உளுந்துப் பொட்டு, கிடைத்தபோது பனையோலை. காய்ந்த தட்டைக்குக் கரையான் வரத்தான் செய்யும். மூடாக்கைத் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால், அது தட்டையைத் தின்றுவிட்டுச் செடியை விட்டுவிடுகிறது. தின்றதும் மண்ணுக்குத்தான் எரு.

முதல் கோடையில் ஊன்றிய இலந்தைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இலை உதிர்ந்து குச்சியாக நின்றன. பார்ப்பவர்களுக்குச் செத்ததாகத்தான் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. கோடைமழைக்கு முக்கால்வாசிக்கு மேல் துளிர்த்தன, துளிர்க்காத குழிகளில் அடுத்த மழைக்கு மறுபடி ஊன்றினோம். நெல்லி மட்டும் விதிவிலக்கு. அதை ஒட்டுக்கன்றாகத்தான் வாங்கினேன். நெல்லி ஒரே ரகம் வைத்தால் காய்ப்பு சரியாக இருக்காது, மகரந்தத்துக்கு வேறு ரகம் வேண்டும். பவானிசாகரில் வந்த பிஎஸ்ஆர் 1, கூடவே என்ஏ 7 என்று கலந்து வைத்தேன். அந்தக் கன்றுகளுக்குப் பக்கத்தில் சுடுமண் பானையைக் கழுத்துவரை புதைத்து, மூடி போட்டு, முதல் கோடை மட்டும் டிராக்டர் தொட்டித் தண்ணீரை நிரப்பினோம். பானை கசியும் ஈரம் போதும், மேலே ஊற்றினால் வெயில்தான் குடிக்கும். அடுத்த கோடைக்குப் பானையை எடுத்துவிட்டோம்.

இலந்தையில் மொட்டுக் கட்டுவது, அதாவது நல்ல ரகத்தின் மொட்டை வேர்ச்செடியில் ஒட்டுவது, ஆவணியில். சில வேர்ச்செடிகள் முதல் ஆவணியிலேயே பென்சில் கனம் வந்தன, மற்றவற்றுக்கு மறு ஆண்டுவரை பொறுக்க வேண்டியிருந்தது. மழைக்குப் பின் சாறு ஓடும் நேரத்தில்தான் பட்டை கழன்று வரும். கத்திநுனியால் தூக்கிப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேலையை விட்டுவிட வேண்டும். பனாரசி, உம்ரான் என்ற இலந்தை ரக மரங்களிலிருந்து குச்சி வெட்டி, காம்பு மட்டும் இருக்கும்படி இலையைக் கிள்ளி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தோம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வேர்ச்செடிப் பட்டையில் டி வடிவக் கீறல். ஓர் அங்குல நீளத்துக்கு மொட்டைப் பட்டையோடு சீவி, கீறலுக்குள் மேலிருந்து செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். மொட்டின் கண் மட்டும் வெளியே தெரியும்படி. இரண்டு மூன்று வாரத்தில் காம்பை விரலால் தொட்டால் பட்டென்று விழுந்தால் பிடித்துவிட்டது. காய்ந்து ஒட்டிக்கொண்டே இருந்தால் போச்சு, அடுத்த பக்கத்தில் இன்னொன்று கட்டலாம். பிடித்ததும் மேலே வேர்ச்செடியை வெட்டிவிடுவது. அதற்குப் பிறகு கீழேயிருந்து வரும் காட்டுக் கிளைகளை ஓயாமல் கிள்ள வேண்டும். ஒரு மழைக்காலம் கவனிக்காவிட்டால் காட்டு இலந்தை ஒட்டை அமுக்கிவிடும்.

சீத்தாவைப் பெரும்பாலும் விதைமரமாகவே விட்டேன். தாய்க்கு ஓரளவு ஒத்தே வருகிறது. சிலவற்றுக்கு மட்டும் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்ட ஏபிகே 1 ரகக் குச்சியை ஒட்டினோம். சீத்தாப்பூவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முதலில் தயாராகிவிடும், மகரந்தம் பிறகுதான் உதிரும். சின்ன வண்டுகள் வந்து வேலை செய்தால் உண்டு, வறண்ட காற்றில் அவையும் குறைவு. பூ குறைவான மரங்களில் காலையில் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து, அப்போதுதான் விரியும் பூவில் தடவிப் பார்த்தேன். கையால் தடவிய பூவின் காய் கோணாமல் உருண்டையாக வந்தது. ஆனால் ஒரு தோட்டம் முழுக்கச் செய்ய எனக்குப் பொறுமையில்லை.

காய்க்க ஆரம்பித்த பிறகு இலந்தைக்குக் கவாத்து ஆண்டுதோறும் வேண்டும். பழம் புதுக்கிளையில்தான் வரும். அறுவடை முடிந்து இலை உதிர்ந்ததும் போன ஆண்டுக் கிளைகளைக் கட்டையாக வெட்டிவிடுகிறோம். இதில் தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது: தழை குறைந்தால் கோடையில் மரம் ஆவியாக விடும் ஈரமும் குறையும். வெட்டிய முள்கிளை வேலிக்கு, தழை கீதாரியின் குட்டிகளுக்கு. பழ ஈ ஒன்றுதான் பெரிய தலைவலி. புழு பழத்தைத் தின்று கீழே விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். விழுந்த பழங்களை அன்றன்றைக்குப் பொறுக்குவதும், கோடையில் மரக்குடைக்குக் கீழே மட்டும் கொத்திப் புரட்டி வெயிலில் காட்டுவதும் நன்றாகவே கேட்கிறது. பெரியப்பாவின் கோடை உழவை அந்த வட்டத்துக்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் பிஞ்சில் வெள்ளைமாவு போலச் சாம்பல் நோய் வரும். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மழை விட்ட இடைவெளியில் தெளித்தால் அடங்குகிறது.

பழம் தண்ணீர் பாய்ச்சிய தோட்டத்துப் பழத்தைவிடச் சிறிது, இனிப்பு தூக்கல். மரத்துக்கு மரம் வித்தியாசம் அதிகம். வண்டல் அதிகம் விழுந்த குழிகளும், மேட்டில் நீண்ட சரிவு கிடைத்த மரங்களும் தனியாகத் தெரிகின்றன. கடைசி வரிசை, மேலே சரிவே இல்லாதது, பாதிதான் காய்க்கிறது. அதற்கு மேட்டுப்பக்கப் பாதையோரத் தண்ணீரைத் திருப்ப ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு வியாபாரிகள் பெரிய பழமாகக் கேட்கிறார்கள். பொடிப்பழத்தை அம்மா உப்பு, மிளகாய், பெருங்காயம் சேர்த்து இடித்து இலந்தவடையாகக் காயவைத்துவிடுகிறார். அதற்குப் பள்ளிக்கூட வாசலில் இன்னும் ஆள் இருக்கிறது.

இப்போது கையிலிருக்கும் வேலை ஓடைக்கரையில். அங்கே தானாக வளர்ந்த காட்டு இலந்தைகளுக்குக் குழியும் வேண்டாம், வரப்பும் வேண்டாம். வேர் ஏற்கெனவே எங்கேயோ போய்விட்டது. எங்கள் எல்லைக்குள் நிற்பவற்றைப் பங்குனியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டோம். கோடைமழைக்குக் கத்தையாகத் துளிர் வந்திருக்கிறது. நல்ல குத்துக்கிளை இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்தாகிவிட்டது. ஆவணியில் பட்டை கழன்றால் அவற்றிலும் பனாரசி மொட்டுக் கட்ட வேண்டும்.